வெட்டி ஒட்டிய ஜெபம்

சிறுவர் ஞாயிறன்று சபை முழுவதற்கும் ஜெபம் செய்யப் போவது எங்கள் மகள் பட்டாணிதான் என்று முடிவான நொடியிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்து வயதுப் பிள்ளை. மைக்கைக் கண்டால் பெரியவர்களே தொண்டையைச் செருமிச் செருமி நேரத்தை ஓட்டுகிற இடம் அது. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது பாஸ்டர் வாசலில் நின்று, "பட்டாணி, அடுத்த வாரம் நீ ஜெபம் பண்றியாம்மா?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் அம்மா முகத்தையும் பார்க்கவில்லை. "பண்றேன் அங்கிள்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் ஒன்று மேலே கிளம்புவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

வீடு வந்து சேர்வதற்குள் என் அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவன் வெளியூரில் இருந்துகொண்டு எங்கள் சபையின் நேரலையைத் தவறாமல் பார்க்கிறவன். முதல் பாட்டு தொடங்கும் முன்பே 'ஆமென்' என்று எழுதி, கும்பிடு பொம்மைகளை வரிசையாகப் போட்டுவிடுவான். உண்மையிலேயே பார்க்கிறானா என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

வீட்டில் ஒரு முகம் மட்டும் சுண்டிப் போயிருந்தது. என் மனைவியின் முகம்.

"லைவ்ல எப்படிங்க பேசுவா?"

"வாயாலதான்."

"விளையாடாதீங்க. நடுவுல உளறிட்டா என்ன பண்ணுவீங்க? கமெண்ட்ல கிழிச்சுத் தொங்க விட்டுருவாங்க. அப்புறம் அழிக்கவும் முடியாது, திருப்பி எடுக்கவும் முடியாது."

அவள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டது, சம்பந்தி முறைத்தது, நாத்தனார் பந்தியில் சண்டை போட்டது எல்லாம் அவள் கைபட்டால் மாயமாகிவிடும். அவள் முடித்துக் கொடுக்கிற வீடியோவில் எல்லாக் குடும்பமும் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கையால்தான் பட்டாணியின் குட்டி ஜெபங்களையும் எடுத்து வாராவாரம் எங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறாள். பார்ப்பவர்கள் உருகிப்போவார்கள். 'என்ன தைரியம், என்ன தெளிவு' என்று எழுதுவார்கள். ஒரு நிமிட ஜெபத்துக்குப் பின்னால் ஒரு மாலை நேரத்து மல்லுக்கட்டு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் வந்த வீடியோக்களில் பிள்ளை தும்மியதுகூட அப்படியே இருந்தது. எப்போதிலிருந்து ஒரு மூச்சுச் சத்தத்தையும் விடாமல் வெட்டத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை.

அதன் பலன் வேறு இடத்தில் தெரிந்தது. ஒருநாள் பென்சில் சீவி வாங்கப் பட்டாணியைத் தெருமுனைக் கடைக்குள் அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றேன். கடைக்காரரிடம் சீவிக்குப் பதிலாக ரப்பர் என்று சொல்லிவிட்டாள். உடனே, "சாரி அங்கிள், முதல்ல இருந்து" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மறுபடி வாசலில் ஏறி, "குட் ஈவ்னிங் அங்கிள்" என்று புதிதாகத் தொடங்கினாள். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பள்ளியில் டீச்சர், "வீடியோல அவ்வளவு அழகா பேசுறா, கிளாஸ்ல கேள்வி கேட்டா ரெண்டு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுத்தான் வாயத் திறக்கிறா" என்று சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்டவள் பாஸ்டரிடம் சட்டென்று சரி என்று சொன்னாளே, அதனால்தான் எனக்கு அத்தனை சந்தோஷம். அந்த ஒரு 'பண்றேன்' கைநழுவிவிடக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

என் மனைவி இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டத்தோடு வந்தாள். சபையில் ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசை என் பொறுப்பு, கேமரா அவள் பொறுப்பு. இருவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். ஜெபத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது. பட்டாணி மைக் முன்னால் நிற்கும்போது மைக்கை அணைத்துவிட்டு, பதிவை ஓடவிடுவது.

"ஜெபம் பண்ணும்போது யாருங்க கண்ணைத் திறந்து பாக்கப் போறாங்க?" என்றாள்.

"நேரலையில பாக்கிறவங்க?"

"கேமரா என் கையிலதான இருக்கு. குனிஞ்ச தலைங்களக் காட்டுவேன். பக்தியாவும் இருக்கும்."

"இது சரியா வருமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஜன்னலை எல்லாம் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, பதிவு நடந்தது. எழுதிக் கொடுத்ததைப் பட்டாணி திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள், ஒரு இடத்தில் 'ஸ்தோத்திரம்' சிக்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் அம்மா இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக அசைத்து நிறுத்தினாள். கடைசியில் வியர்த்து வழிந்தபடி பட்டாணி கேட்டாள்:

"அம்மா, இயேசப்பாவுக்கு இதுல எந்த டேக் போகும்?"

"எல்லாமே போகும். கழுத்தை நேரா வை கண்ணு."

"அப்ப அவருக்குப் போரடிக்காதா?"

"ஞாயித்துக்கிழமை நீ வாயை மட்டும் அசைச்சா போதும்" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா அடுத்த டேக்குக்குத் தயாரானாள். பட்டாணி தலையாட்டினாள். பாஸ்டரிடம் பட்டென்று சொன்ன அந்தக் குரல் அந்தத் தலையாட்டலில் இல்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிறு வந்தது. சபை நிரம்பி, பின்னால் மடக்கு நாற்காலிகளும் போட்டாயிற்று. பிள்ளைகள் பாடினார்கள், ஒருவன் தாளத்தை விட்டு எங்கோ போய்த் திரும்பி வந்தான், எல்லோரும் கை தட்டினார்கள். நேரலையில் அண்ணனின் கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பாஸ்டர், "இப்ப நம்ம பட்டாணி ஜெபத்துல நடத்துவா" என்றார். முக்காலியின்மேல் ஏறி அவள் மைக் முன்னால் நின்றாள். எல்லாத் தலைகளும் குனிந்தன, எல்லாக் கண்களும் மூடின. நான் மைக்கை அணைத்துப் பதிவை ஓடவிட்டேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த இனிய நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்..." பட்டாணியின் குரல் தேனாகப் பாய்ந்தது. அடியில் மெல்லிய பியானோ இசை வேறு. பக்கத்தில் என் மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மேடையில் பட்டாணி வாயை அசைக்கவில்லை. கண்ணைத் திறந்தாள். குனிந்த தலைகளுக்கு மேலாக நேரே என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலைத் தூக்கிக் கத்தரிக்கோலாக அசைத்தாள்.

"வேண்டாங்க" என்று என் மனைவி கிசுகிசுத்தாள். "தொடாதீங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

ஒரு பக்கம் கட்டியவள், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, நடுவில் என் ஒற்றை விரல். பதிவை நிறுத்தினேன். பியானோ பாதியில் அறுந்தது. மைக்கைத் திறந்தேன்.

தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பட்டாணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, அது நான் வெள்ளிக்கிழமை பேசினது. நிறைய வாட்டி பேசினேன், அதுல நல்லதா அம்மா எடுத்து வச்சாங்க. இது இப்பப் பேசுறது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குக் கால் உடைஞ்சிருக்கு, அவளுக்கு ராத்திரி வலிக்காமப் பாத்துக்கோங்க. பாஸ்டர் அங்கிளுக்கு இருமல் சரியாகணும். அப்பா லிஃப்டுக்கு மேல ஏறி நிப்பாங்க, அப்ப நீங்க பக்கத்துல இருங்க. அப்புறம்..."

நின்றுவிட்டது. அவ்வளவுதான், அதற்குமேல் வரவில்லை. நேரலையில் மௌனம் எவ்வளவு நீளமானது என்று ஒலி மேசை முன்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். என் மனைவி கேமராவை விட்டுவிட்டு மேடைக்கு ஓடப் புறப்பட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்க, திணறிக்கிட்டு நிக்கிறா பாருங்க."

"நிக்கிறா. அதைப் பாரு."

உண்மையிலேயே நின்றாள். எங்களைத் தேடவில்லை. முக்காலியிலிருந்து இறங்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள், அது ஒலிபெருக்கி முழுவதும் கேட்டது. "மறந்துடுச்சு, யோசிச்சுச் சொல்றேன், இருங்க" என்றாள். அவளுடைய இயேசப்பா காத்திருந்தார். சபையும் காத்திருந்தது.

"ஆங், அம்மா. இயேசப்பா, அம்மா எனக்காக ரொம்பப் பயப்படுறாங்க. முன்னாடி ஒருத்தர் என்னைப் பத்தி, மூக்கால பேசுது, இதுக்கெல்லாம் ஒரு வீடியோவான்னு எழுதினாங்கல்ல. அம்மா அதை அழிச்சுட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். எனக்குக் கொஞ்ச நேரம்தான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் சரியாயிட்டேன். அம்மாவுக்குத்தான் இன்னும் சரியாகல. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொல்லுங்க. ஆமென்."

அப்படி ஒருவர் எழுதியது எனக்கே தெரியாது. இத்தனை நாளாக என் மனைவி அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அத்தனை வெட்டும் ஒட்டும் அதற்காகத்தான். அவளை எத்தனை கேலி செய்திருப்பேன்!

சபை ஆமென் என்றது. அப்படி ஓர் ஆமெனை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. என் மனைவி மறுபடி பிடித்த கேமராவில் படம் முழுவதும் ஆடியது. அவள் அதைச் சரிசெய்யவே இல்லை.

பட்டாணி முக்காலியிலிருந்து குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே எங்களை நோக்கி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, நடுவுல மறந்துட்டேன்."

"பாத்தேன்டா."

"பயந்துட்டீங்களா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவள் அம்மா, "எனக்கென்ன பயம்" என்பாள். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள்.

"நான் கொஞ்சம்தான் பயந்தேன்" என்று சொல்லிவிட்டு, பட்டாணி தன் சிநேகிதிகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.