சலவைக் குறி

ஊருக்கு உபதேசம் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பதினெட்டு வருட வாத்தியார் வேலை. அதனால்தான் வவுனியா அகதி முகாமின் முஸ்லிம் பெண்கள் ஊர்வலம் போகக் கிளம்பியபோது, யாரும் கேட்காமலே போய் முன்னால் நின்றேன்.

1991 தை மாதம். குவைத்திலும் ஈராக்கிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த முகாமில் இருந்த ஸுஹறாவின் மகள் றினோஸா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை.

"இஞ்ச சண்டை நடக்கேக்க, அங்கத்தைச் சண்டைக்கு ஏன் கத்துறியள்?" என்று கடைவாசலில் சிலர் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "அநியாயத்தைக் கேக்கிறதுக்கு எல்லை இருக்கோ? அது அவையின்ர உரிமை!"

பதாகைக்குத் துணி இல்லை என்றார்கள். வீட்டுக்கு ஓடி வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தேன். "குண்டு போடாதே! எங்கள் பிள்ளைகள் அங்கே!" என்று சிவப்புப் பெயின்றில் நானே எழுதினேன்.

ஸுஹறா ஒரு முனையைப் பிடிக்க வந்தார். மூலையைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். சலவைக்காரர் போட்ட கறுப்புக் குறி. வட்டம், கீழே இரண்டு புள்ளி. முல்லைத்தீவில் எங்கள் சலவைக்காரர் வீட்டுக்கு வீடு வேறு குறி போடுவார். என் வீட்டுக்கு மூன்று கோடு.

மூன்று மாதத்துக்கு முன், துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, பக்கத்து வீட்டு ஸுஹறா சாவியை என்னிடம்தான் தந்தார். "பாத்துக்கொள்ளுங்கோ மாஸ்டர்." நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். பழுதாகிவிடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அவர் வீட்டு அலுமாரியைத் திறந்து நான்கு விரிப்புகளையும் எடுத்தேன். இடமாற்றத்தில் வவுனியா வந்தபோது அவையும் கூட வந்தன. போகச் சொன்னவர்களிடம் அன்று ஒரு வார்த்தை கேட்டேனா? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

ஸுஹறா என் முகத்தைப் பார்த்தார். முனையை இறுக்கிப் பிடித்தார். ஊர்வலம் நகர்ந்தது.

சந்தியில் பொலிஸ் மறித்தது. "இது யார் துணி? யார் எழுதினது?" என்றார் அதிகாரி.

என் விரல்களில் பெயின்ற் இன்னும் காயவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"துணி என்ர, ஐயா. என்ர மகளுக்காகத்தான் எழுதினது. என்ர பேரைப் பதியுங்கோ" என்றார் ஸுஹறா.

பெயரைப் பதிந்துகொண்டு, துணியைச் சுருட்டி ஜீப்பில் போட்டார்கள். பெண்கள் திரும்பினார்கள். என்னைக் கடக்கும்போது ஸுஹறா நின்றார்.

"மற்ற மூண்டும் இருக்கோ, மாஸ்டர்? இருந்தாக் கொண்டு வாங்கோ. நாளைக்கும் போகப்போறம்."