அப்பா சொல்லாத வரி

கரப்பான், மூட்டைப்பூச்சி, கறையான், எலி. இவற்றைக் கொல்வதுதான் அவருக்குச் சோறு போட்டது. முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு, முகமூடிக்குள் வியர்த்தபடி, ஓட்டல் சமையலறைகளிலும் அலுவலகக் கூரை இடுக்குகளிலும் மருந்தடிப்பார். கம்பெனியில் அவருக்கு 'எமன்' என்று பெயர். "எமன் வந்தாச்சு, கரப்பானெல்லாம் உயில் எழுதி வச்சிடுங்க" என்று வேன் ஓட்டுநர் ஒருநாள் தவறாமல் சொல்வார். இவரும் ஒருநாள் தவறாமல் சிரிப்பார்.

மூன்றாவது குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அதன்பிறகு மனைவிக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் அவளோடு பொட்டலம் கட்டுகிற தோழி ஒருத்தி, "சும்மா வந்து உட்காரு, ஒண்ணும் பேச வேண்டாம்" என்று அவளை ஒரு புத்த விகாரைக்குக் கூட்டிப்போனாள். அன்று மனைவி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துப் போனாள். அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் ஞாயிறுதான் மருந்தடிக்கத் தோதான நாள் என்பதால் அவர் மட்டும் போகவில்லை.

சீக்கிரமே வீட்டு ஜன்னல் ஓரத்தில் உள்ளங்கை உயரத்தில் ஒரு புத்தர் வந்து உட்கார்ந்தார். மாலையில் அம்மாவும் பிள்ளைகளும் பாய் விரித்து, கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பார்கள். சின்னவள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, அண்ணன் கண்ணைத் திறந்திருக்கிறானா என்று பார்த்துக்கொள்வாள். பிறகு அம்மா கதை சொல்வாள். அவர் வேலை முடிந்து வந்து குளியலறையில் மருந்து நாற்றம் போகத் தேய்த்துக் குளிக்கும்போது, கதவு வழியாகக் கதை காதில் விழும்.

"அம்பு விட்டவன் அன்னம் எனக்குத்தான்னு சொல்றான். காப்பாத்தின சித்தார்த்தன் எனக்குத்தான்னு சொல்றான். யாருக்குக் குடுக்கலாம்?"

"காப்பாத்தினவனுக்கு!" என்று சின்னவள் கத்துவாள்.

தலையில் சோப்பு நுரையோடு அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு நிற்பார். வெளியே வந்தால் கதை முடிந்திருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் எழுந்து போயிருப்பார்கள். சொந்த வீட்டில் விருந்தாளி போல, சுருட்டி வைத்த பாயைப் பார்த்தபடி தலை துவட்டுவார்.

ஒருநாள் அவரும் போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி சற்று நகர்ந்து இடம் விட்டாள். ஐந்து உறுதிமொழிகளை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எந்த உயிரையும் கொல்ல மாட்டேன். கொடுக்காததை எடுக்க மாட்டேன். தவறான உறவு கொள்ள மாட்டேன். பொய் சொல்ல மாட்டேன். மயக்கும் பொருளைத் தொட மாட்டேன்.

"அப்பா முதல் வரியை முழுங்கிட்டாரும்மா" என்றாள் சின்னவள்.

"நீ உன்னைக் கவனி" என்றாள் அம்மா.

"அதைச் சொன்னா, பொய் சொல்ல மாட்டேன்னு சொல்றது பொய்யாயிடும்ல, அதான்" என்றார் அவர். பெரியவன் சிரித்தான். சின்னவள் சிரிக்கவில்லை. அன்று முதல் அவர் சீருடையோடு வந்தால் மடியில் வந்து ஏறுவதை அவள் நிறுத்திவிட்டாள். "இன்னைக்கு நிறைய செத்துச்சாப்பா?" என்று கேட்பாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை பெய்ததா என்று கேட்பது போலத்தான் கேட்பாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனார். "உங்க பொண்ணு நல்லாப் பேசுறா" என்றார் டீச்சர். "நீங்க வேன் ஓட்டுறீங்களாமே, சொன்னா."

சின்னவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க டீச்சர்" என்றார் அவர்.

வீடு வரும்வரை சின்னவள் அவருடைய இரண்டு விரல்களை இறுகப் பிடித்தபடி நடந்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் விகாரைக்குப் போனார். அங்கே அவரைவிட இளைய பிக்கு ஒருவர், சளியால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் பூச்சி மருந்து அடிக்கிறவன். உள்ள வரலாமா?"

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் துடைச்சேன்."

அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். பிக்கு ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியலீங்க" என்றார். "எனக்குப் புள்ளகுட்டி கிடையாது. வேற வேலை பாத்தீங்களா?"

"வயிறுன்னு ஒண்ணு இருக்கே சாமி."

"இருக்கு" என்று பிக்கு ஒப்புக்கொண்டார். "எனக்கும் இருக்கு."

பிறகு மறுபடி குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார். உபதேசம் எதுவும் கிடைக்காததே அவருக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது.

அவருடைய கம்பெனியில் இன்னொரு பிரிவும் இருந்தது. அடுக்குமாடி பால்கனிகளில் புறா நுழையாமல் வலை கட்டும் வேலை. உயரமும் குறைந்த சம்பளமும் சேர்ந்து அங்கே யாரையும் நிலைக்க விடுவதில்லை. அவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எமன் புறாவுக்கு வேலி போடப் போறாராம்" என்று கம்பெனியே சிரித்தது. முதல் நாள் பால்கனி விளிம்பில் நின்று, கீழே பார்க்காமல் வலையை இழுத்துக் கட்டினார். நைலான் கயிறு விரல்களை அறுத்தது. பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு புறா உட்கார்ந்து, இவன் என்ன செய்கிறான் என்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

வீட்டில் அவர் சொல்லவில்லை. அவர்களாகக் கேட்கட்டும் என்று இருந்தார். மருந்து நாற்றம் இல்லை, விரல்களில் கட்டு, ஞாயிறு விடுமுறை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். விடுமுறையைக்கூட, வேலை குறைந்துவிட்டது போல என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பெரியவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. சின்னவளுக்குக் கீழ்த்தளத்தில் சைக்கிள் வைத்திருக்கும் புதுத் தோழி கிடைத்துவிட்டாள். செத்த கணக்கைக் கேட்பதும் நின்றுபோனது. மனைவிக்கு மாலை ஷிப்ட். பாய் மூலையில் சுருண்டே கிடந்தது.

மனைவி வேலைக்குப் போகாத ஒரு மாலையில் அவரே பாயை விரித்தார். "வாங்க எல்லாரும்."

"நாளைக்கு உட்காரலாம்பா" என்று பெரியவன் உள்ளிருந்து சொன்னான். சின்னவள் ஏற்கெனவே படியிறங்கியிருந்தாள்.

அவர் தனியாக உட்கார்ந்து, ஐந்து வரிகளையும் உரக்கச் சொன்னார். முதல் வரியைச் சொன்னபோது அது யாருடைய குரலோ போல இருந்தது. முடித்துக் கண் திறந்தபோது மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வேலையை விட்டுட்டீங்களா?"

"மாத்திக்கிட்டேன். இப்ப வலை கட்டுறேன். ரெண்டு மாசமாச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "உங்க வேலையை நான் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லையே. எனக்கு அங்க போனா, அந்தக் குழந்தை நெனப்பு கொஞ்சம் அடங்கும். புள்ளைங்களுக்கும் நல்லதுன்னு கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதாங்க."

"எனக்கும் அதே நெனப்புதான்" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில என் கையிலதான் குடுத்தாங்க. நீ மயக்கத்துல இருந்த. அன்னைலேருந்து, எனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கீழே சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப லேசா. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி."

ஞாயிறன்று நால்வரும் விகாரைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் சின்னவள் மற்றப் பிள்ளைகளோடு ஓடிவிட்டாள். பெரியவன் வாசல்படியில் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டான். மனைவி வழக்கம்போல முன்வரிசையில் தோழியின் பக்கத்தில் போய் அமர்ந்தாள். ஒருமுறை திரும்பி, அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாள். அவருக்குக் கடைசி வரிசையில் கதவோரம்தான் இடம் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் முழங்காலைக் கொஞ்சம் ஒடுக்கி அவருக்கு இடம் விட்டார். அவர் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே கண்ணை மூடினார்.