விசிலை நிப்பாட்டுங்கோ

லக்ஷிகாவுக்குக் குடுத்த வேலை ஒண்டே ஒண்டுதான். எல்லாருக்கும் கடைசியா நடக்கவேணும், அவளுக்குப் பின்னால ஆரும் நிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு வொலன்ரியர் ஹவர்ஸ் தேவையெண்டு, கனடா ஸ்காபரோவில இருந்து இலை நிறம் மாறுறது பாக்க வந்த பஸ்ஸில ஏறினவள்.

முழங்கால் நோவெண்டு தவமலர் அன்ரி பஸ்ஸிலயே இருந்திட்டா. "அவரைக் கண்ணுக்க வச்சிரு புள்ள. சில நேரம் எங்க நிக்கிறாரெண்டு மறந்திடுவார்," எண்டு தன்ர மனுசன் சாமித்தம்பி அங்கிளை இவளிட்டத்தான் விட்டவ.

சிவத்த மேப்பிள் ஒண்டைப் படமெடுத்துச் சிநேகிதிக்கு அனுப்பிப்போட்டு நிமிந்தாள். அங்கிளைக் காணேல்ல.

பாதைக்கு ஒரு பக்கம் காடு. மற்றப் பக்கம் செங்குத்தான சரிவு, கீழ ஆறு. வெயிலும் இறங்கிட்டுது.

"ஃபோனை நோண்டினியோ?" எண்டா முன்னால போன கஜனி அன்ரி. "உதுக்குள்ளயே விழுந்து கிட!"

வழிகாட்டி கஸ்பர் அண்ணை பச்சை ஜாக்கெட்டோட ஓடி வந்தான். "அங்கிளின்ர பேர் என்ன?" எண்டு கேட்டுப்போட்டு விசிலை ஊதினான். "சாமித்தம்பி! வெளியில வாங்கோ!" மற்ற ஆக்களும் சேந்து கத்திச்சினம். காட்டுக்குள்ள ஒரு அசுமாத்தமும் இல்லை.

லக்ஷிகா பஸ்ஸில இருந்த தவமலர் அன்ரிக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஆர் புள்ள உதில விசில் ஊதுறது?"

"கஸ்பர் அண்ணை. அங்கிளைக் காணேல்ல அன்ரி, அதுதான் பேர் சொல்லிக்..."

"ஐயோ, நிப்பாட்டச் சொல்லு! ஊரில ஆமிக்காரன் விசில் ஊதி, பேர் சொல்லித்தான் கூப்பிட்டவன். வெளிய போனவங்கள் ஒருத்தரும் திரும்பி வரேல்ல. இவர் பத்தைக்குள்ள படுத்துத் தப்பினவர். கூப்பிடக் கூப்பிட இன்னும் ஒளிப்பார்!"

"அண்ணை, விசிலை நிப்பாட்டுங்கோ. ஒருத்தரும் கத்தாதேங்கோ, ப்ளீஸ்!"

"இருட்டப் போகுது, விசர்க்கதை கதைக்காத," எண்டான் கஸ்பர்.

"அவர் உங்களுக்குத்தான் பயந்து ஒளிச்சிருக்கிறார்!"

கஸ்பர் தன்ர பச்சை ஜாக்கெட்டை ஒருக்காக் குனிஞ்சு பாத்தான். விசில் வாயில இருந்து இறங்கிச்சுது.

அவள் தனியச் சரிவுப் பக்கம் போனாள். இலைக் குவியலுக்க ஒரு சப்பாத்து தெரிஞ்சுது. அங்கிள் குப்புறப் படுத்திருந்தார், சரிவு விளிம்பில. இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனா ஆத்துக்குள்ளதான். கூப்பிட அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்திட்டுது. அடக்கினாள்.

அவளைக் கண்டதும் அவர் வாயில விரல் வச்சார். "படு புள்ள."

படுத்தாள். ஈரம் ஸ்வெற்றருக்குள்ளால ஏறிச்சுது. பின்னால சருகு நொருங்கிச்சுது. அங்கிள் காலை விளிம்புப் பக்கம் இழுத்தார். கஸ்பராத்தான் இருக்கவேணுமெண்டு லக்ஷிகா திரும்பாமலே முதுகுக்குப் பின்னால கையை விரிச்சுக் காட்டினாள். சத்தம் நிண்டு, பிறகு மெல்லத் தூரப் போச்சுது.

கையை நீட்டி அவற்ற கையை இறுக்கிப் பிடிச்சாள்.

"போயிட்டானுகளா?"

"ஓம் அங்கிள்."

"பொறு. எப்பவும் கடைசியா ஒருத்தன் நிண்டு பாப்பான்."

அவளுக்குக் கண்ணால தண்ணி வந்துது. "கடைசி ஆள் நான்தான் அங்கிள். எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை."

அவர் முழங்கால் ஊண்டி, விளிம்பை விட்டு அவள் பக்கம் தவண்டு வந்தார். எழும்பி நிண்டு அவளின்ர தலையில ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார்.

"நீ முன்னால போ புள்ள. நான் பின்னால பாத்துக்கொண்டு வாறன்."

"மாட்டன்," எண்டாள். ரெண்டு பேருமாப் பக்கத்தில பக்கத்தில நடந்தினம். பஸ் வரைக்கும் அவள் கையை விடேல்ல.