சந்தனத்துக்குப் பக்கத்தில் ஒரு களிம்பு டப்பா

உள்ளங்கைச் சூட்டில் உருகிக்கொண்டிருக்கிறது களிம்பு, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறேன், ஈரம் காய்வதற்குள் பூசிவிட வேண்டும், அந்த ஈரத்தைத் தோலிலேயே பிடித்துவைக்கத்தான் இது என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார், சொரியாசிஸ் உன்கூடத்தான் இருக்கும், ஆனா செதில் இளகும், அரிப்பு அடங்கும், வெடிப்பு ஆறும், வயித்துல பிள்ளை இருக்கிறவரைக்கும் மாத்திரை வேண்டாம், இதையே அள்ளிப் பூசு, கஞ்சத்தனம் பண்ணாதே, யாருக்கும் ஒட்டாது, ஒட்டும்னு சொல்றவங்கள என்கிட்ட அனுப்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை படர்ந்த சிவந்த திட்டுகளின்மேல், முடி சாய்ந்த பக்கமாகவே கையை இழுக்கிறேன், வெள்ளைச் செதில்கள் படிகின்றன, வெளியே என் மாமியார், அத்தை, கதவைத் தட்டுகிறாள், ஏட்டி, வளைகாப்புக்கு நேரமாவுது, முழுக்கை ஜாக்கெட்டு கட்டில்ல வச்சிருக்கேன், நாலு பேரு வார எடம், மூடிட்டு இருந்தா கொறஞ்சா போயிருவ, முழுக்கை என்றதும் பள்ளிக்கூடத்து வெயில் வந்துவிடுகிறது, ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போகிறாள், பங்குனி வெக்கையிலும் அம்மா எனக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிடுகிறாள், உள்ளே வேர்த்து, அரித்து, ரத்தம் கசிந்த கை இது, மூடியது போதும், அந்த ஜாக்கெட்டைச் சுருட்டி அலமாரிக்குள் எறிந்தேன், அரைக்கையைப் போட்டுக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்தேன், களிம்பு டப்பாவைத் தாம்பாளத்தில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

கூடத்துப் பெண்களைப் பார்த்து, சந்தனம் காஞ்சா என் கை வெடிக்கும், கன்னத்துல சந்தனம் வைங்க, கைக்கு இதப் பூசுங்க என்றேன், இப்போது நினைத்தால் கனவில் வேறு யாரோ பேசியதுபோல் இருக்கிறது, முதலில் வந்தவள் ஆவுடையம்மாள், அத்தைக்குச் சித்தி மகள், வெற்றிலைக் காம்பைப் பிடித்துக்கொண்டு இலை நுனியால் களிம்பைத் தொட்டு, தன் விரல் படாமல் என் கையில் ஒரு கோடு இழுக்கிறாள், தப்பா நெனைக்காத தாயி, வீட்ல சின்னப் பிள்ளையளு கெடக்கு என்கிறாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வெத்தலையால எண்ணெ தடவ நான் என்ன தோசக்கல்லா, தொட மனசில்லன்னா சாப்பிட்டுட்டுப் போங்க சின்னத்தை என்றேன், அத்தையின் முகம் கறுத்தது, வசவு எனக்குத்தான் என்று நீட்டிய கையை மடக்காமலே காத்திருந்தேன், கல்யாணமான நாளிலிருந்து என் துண்டைத் தனிக் கொடியில் காயப்போடுகிறவள் அவள், அவளே எழுந்து வந்து வெற்றிலையைப் பிடுங்கி எறிந்தாள், எங்க வீட்டுப் பிள்ளைய வெத்தலைய வச்சா தடவுத, என்று தங்கையைப் பார்த்துக் கத்திவிட்டு, நாலு விரலையும் டப்பாவுக்குள் விட்டாள்.

அவள் உள்ளங்கையில் இப்போது உருகுகிறது களிம்பு, திட்டின்மேலேயே தேய்க்கிறாள், முடிக்கு எதிராகத் தேய்க்கிறாள், அப்படியில்ல அத்தை, கீழ்ப்பக்கமா, என்றேன், திருத்திக்கொண்டாள், வழவழத்த கையில் கண்ணாடி வளையல்கள் உடையாமல் ஏறின, அவள் கையில் என் செதில் ஒன்று ஒட்டியிருந்தது, அதைப் பார்த்தாள், முந்தானையில் துடைக்கவில்லை, நான் நன்றி சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், கஞ்சத்தனம் பண்ணாதீய அத்தை, என்று மற்றக் கையையும் நீட்டினேன்.