கதிர்காமத்தம்பியரின் செவர்லே

கதிர்காமத்தம்பியரின் செவர்லே காரைப் பார்த்தவன் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு அமெரிக்காக்காரன் செய்தது. பின்பக்கம் இரண்டு செட்டை, முகம் பார்த்துச் சவரம் செய்யத்தக்க பம்பர், உள்ளே ஆறு பேர் சம்மணமிட்டு இருக்கத் தோதான சீற். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அப்படி ஒன்று வேறு கிடையாது என்று அவரே நாளுக்கு நாலு தரம் சொல்வார்.

கிட்டப் போய்த் தட்டிப் பார்க்கத்தான் விடமாட்டார். கதவின் அடிப்பாகத்தைத் துருக்கறள் தின்றிருந்தது; பட்டி பூசி மறைத்திருந்தார். காலடித் தகடு இருந்த இடத்தில் பலகை. அதெல்லாம் போகட்டும், மனிதர் மறைத்த பெரிய சங்கதி பொனட்டுக்குள் இருந்தது. அங்கே எஞ்சினே இல்லை. சிலிண்டர் வெடித்த எஞ்சினை வைக்கோலுக்குள் மூடி, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறாவூர் அசனாரின் கராச்சுக்கு அனுப்பினார். அடுத்த கிழமை சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. எஞ்சின் அங்கே, கார் இங்கே, வருசம் இரண்டு.

ஊருக்கு இது தெரியாது. துறையடிச் சோதனைச் சென்றியில் ஆமிக்காரர் பெற்றோல் கொண்டுவர விடாத காலம். கல்யாணமென்றால் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி, இளந்தாரிகள் தள்ள, பெண் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "பெற்றோல் இரிந்தா இது பறக்கும்" என்பார். மேளச் சத்தத்தில் யார் கண்டார்?

ஒருநாள் மத்தியானம் பக்கத்து வளவுச் சாமித்தம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தான். வயல் வட்டைக்குள் களை பிடுங்கிய அவன் பெண்சாதி இராசாத்தியைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. ஆசுப்பத்திரி எட்டுக் கட்டைத் தூரம்.

"அண்ணன், காரை எடுங்க!"

எஞ்சின் இல்லையென்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். வாய் பழகின வழியில் போய்விட்டது.

"பெற்றோல் இல்லையேடா தம்பி."

"கொண்டந்தா எடுப்பீங்களா?"

"கொண்டந்தா எடுக்காம என்ன?"

எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியம். சாமித்தம்பி இராசாத்தியைத் தூக்கிவந்து பின் சீற்றில் கிடத்திவிட்டு ஓடினான். கதிர்காமத்தம்பியர் அவளுக்கு விசிறினார். "இந்தா வந்திடுவான் புள்ள" என்றார். கால் வீங்கிக்கொண்டே வந்தது.

"உங்கட கார் நிக்கக்குள்ள எனக்கென்ன பயம் அண்ணன்" என்றாள் அவள்.

நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துச் சாமித்தம்பி வந்தான். கையில் இரண்டு போத்தல் பெற்றோல். முழங்கால் இரண்டும் உரிந்து இரத்தம். சென்றியில் ஆமிக்காரனின் காலில் விழுந்து வாங்கினானாம்.

இனி மறைக்க வழியில்லை. கதிர்காமத்தம்பியர் பொனட்டைத் திறந்தார். சாமித்தம்பி உள்ளே பார்த்தான். அடியில் புல் முளைத்த நிலம் தெரிந்தது.

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சொல்லியிரிந்தா அப்பவே மாட்டு வண்டில்ல ஏத்தியிரிப்பனே அண்ணன்" என்று மட்டும் சொன்னான். போத்தல்களை நிலத்தில் வைத்துவிட்டு வண்டில் கட்ட ஓடினான்.

இராசாத்தி பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. ஆனால் கதிர்காமத்தம்பியரை இன்றைக்கும் தின்பது அதுகூட இல்லை. சாமித்தம்பி முதுகைத் திருப்பியதும், பின் சீற்றில் அவள் முனகிக்கொண்டு கிடக்க, தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தான் முதலில் செய்த வேலை பொனட்டை இழுத்து மூடியதுதான்.