பல் ஒடிக்காத எலி

ரிஷிவந்தியத்தில் தெய்வசிகாமணியின் மகன் சுபாஷ் பாம்பு வளர்க்கிறான் என்ற சேதி பரவியதும் பாதி ஊர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நல்லதோ சாரையோ இல்லை. ஆப்பிரிக்கா பக்கத்துக் குட்டை மலைப்பாம்பு. விஷம் கிடையாது. சென்னையில் வாங்கியது, அரசாங்கத்தில் பதிந்த காகிதமெல்லாம் உண்டு. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கும் போகாமல், வயலிலும் கால் வைக்காமல் இருந்த பையனுக்கு அந்தப் பாம்பே ஒரு உத்தியோகமாகிவிட்டது. மகாராணி என்று பெயர் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு, தினமும் அதை வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஐஸ் எலியா வாங்குங்க தம்பி. வெந்நீர்ல வச்சு இளக்கி, இடுக்கியில புடிச்சுக் குடுங்க. உசுரோட போட்டீங்கன்னா என்னைக்காவது ஒருநாள் எலி பாம்பைக் கடிச்சிடும்."

சுபாஷும் அப்படித்தான் செய்ய நினைத்தான். அவன் அம்மா செந்தமிழ்ச்செல்வி ஃப்ரிட்ஜின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"மாவு இருக்குது, சாமிக்குப் பால் இருக்குது. அதுகூட எலிப் பொணத்த வைப்பியா? நான் இருக்கிற வரைக்கும் இந்த வூட்ல அது நடக்காது!"

சரி, உயிரோடே போடுவோம் என்று ஆயிற்று. எலி பிடிக்க வேடியப்பன் இருக்கவே இருந்தார்.

வேடியப்பனுக்கு ஐம்பது வயதுக்கு மேல். சுபாஷ் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் வயலில் வேலை செய்கிறவர். வரப்பைப் பார்த்தே எந்த வளையில் எலி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வளையின் ஒரு வாயில் புகை போட்டு, மறுவாயில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எலி கைக்கு வந்ததும் முதல் வேலை, ஒரு குச்சியை வாயில் கொடுத்து அதன் முன்பல்லை ஒடிப்பதுதான். அப்புறம்தான் பானைக்குள் போடுவார். பார்க்க நன்றாகவா இருக்கும்? சுபாஷ் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"பல்லு இருந்தா பானைக்குள்ளயே ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கும் தம்பி. உன்னையும் கடிக்கும், உன் பாம்பையும் கடிக்கும்" என்பார் வேடியப்பன்.

பத்து நாளைக்கு ஒருமுறை பானையைக் கொண்டுவந்து பின்வாசலில் வைப்பார். "வேடியப்பா, அங்கயே நில்லு" என்று உள்ளேயிருந்து சுபாஷ் குரல் கொடுப்பான். இருபத்து நாலு வயதுப் பையன் தன் அப்பா வயதுக்காரரை இப்படிக் கூப்பிடுகிறானே என்று அந்த வீட்டில் யாருக்கும் உறைத்ததில்லை. பின்வாசலில் தண்ணீர் குடிக்க அவருக்கென்று ஒரு சொம்பு இருந்தது. அதுவும் யாருக்கும் உறைத்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரவீன்குமார் என்கிற சிநேகிதன் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது? எலி சும்மா உக்காந்துகினு கீது, பாம்பு முழுங்குது. சண்டையே இல்லியே" என்று சொல்லிவைத்தான். அந்த ஒரு வார்த்தை சுபாஷைப் பிடித்து ஆட்டியது.

அடுத்த முறை வரப்பில் வேடியப்பன் பக்கத்தில் போய் நின்று, "இதோட பல்ல ஒடைக்காத. அப்படியே குடு" என்றான்.

"வாணாங்க தம்பி."

"வீடியோவுக்குடா... வீடியோவுக்கு வேணும்."

"வாணாம் தம்பி, சொன்னா கேளு. பாம்பு பாவம்."

"சொன்னதச் செய் வேடியப்பா. பாம்பு என்னுதா, உன்னுதா?"

வேடியப்பன் எலியைப் பல்லோடே கொடுத்துவிட்டார்.

மகாராணி அன்றைக்குத் தோல் உரிக்கிற பருவத்தில் இருந்தது. கண் மங்கி, பசியில்லாமல் சுருண்டு கிடந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் எலியை உள்ளே விட்டான் மகா புத்திசாலி. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். கறிக்குழம்பு. போய் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, மோரும் குடித்துவிட்டு வந்தான்.

எலி மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மகாராணியின் முதுகில் இரண்டு இடத்தில் தோலும் சதையும் போய், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அது சத்தம் போடவா முடியும்? கடிபட்டபடியே சுருண்டு கிடந்திருக்கிறது.

சுபாஷ் அழுதேவிட்டான். அப்பா ஓடிவந்தார்.

"எப்பட்றா ஆச்சு?"

அப்போது அந்தப் பொய் தானாக வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதுகூட இல்லை. "வேடியப்பன் பல்ல ஒடைக்க மறந்துட்டான்ப்பா."

கள்ளக்குறிச்சியில் ஒரு மாட்டு டாக்டர் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டு, மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார். "இனிமே செத்த எலிதான், உசுரோட போடவே கூடாது" என்றார். திரும்பி வரும்போது தெய்வசிகாமணி பைக்கை நேராக வயலுக்கு விட்டார். சுபாஷ் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

நடவு நடந்துகொண்டிருந்தது. பதினாறு பெண்கள் குனிந்திருந்தார்கள். வேடியப்பன் நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, ஒரு எலி பல்ல ஒடைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு ஆளா? கண்ணு தெரியலியா, இல்ல காலையிலயே ஊத்திக்கினியா? எம்புள்ள அழுதுகினு கீறான்!"

வேடியப்பன் குடித்தே பழக்கமில்லாதவர். பதினாறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தெய்வசிகாமணியைப் பார்க்கவில்லை, சுபாஷைப் பார்த்தார். சுபாஷ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தப்பு ஆயிடுச்சுங்க" என்றார் வேடியப்பன். கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் வைத்துவிட்டுக் கரையேறினார். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று பின்னாலிருந்து தெய்வசிகாமணி கத்தினார்.

மறுவாரம் ஐஸ் எலி வந்தது. தெர்மகோல் பெட்டியில், விரைத்துப்போன இருபது வெள்ளை எலிகள். அம்மா என்ன சொல்வாளோ என்று சுபாஷ் பயந்துகொண்டே நின்றான். அவள் ஒரு பழைய டப்பாவை எடுத்து வந்தாள். "பாவம், புள்ள சரியா சாப்புடக்கூட இல்ல. இதுல போட்டு மேல்தட்டுல வை. சாமி மன்னிச்சுக்கும்."

சந்தோஷப்பட வேண்டியவன்தானே? அவனால் முடியவில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பா கண்ணில் பட்டது. அதற்கு நேர் எதிரே, பின்வாசலில், வேடியப்பனின் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. செத்த எலி சமையலறைக்குள் வந்துவிட்டது. அந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. மகாராணியின் புண் ஆறிக்கொண்டு வந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கக்கேடு, வெட்கக்கேடு என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இருபது நாள் கழித்து ஒரு சாயங்காலம் வேடியப்பன் வீட்டுக்குப் போனான். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் அவன் போனதே இல்லை, வழி கேட்டுத்தான் போனான். அவர் மனைவி கோகிலவாணி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. வேடியப்பன் அப்போதுதான் வந்திருந்தார். விடியற்காலையில் வேன் ஏறி, கல்வராயன் மலையடிவாரத்துக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். கையெல்லாம் செம்மண்.

"அண்ணே" என்றான் சுபாஷ். வாழ்க்கையில் முதல்முறையாக. "பொய் சொன்னது நான்தான். நீங்க வாணாம்னுதான் சொன்னீங்க."

வேடியப்பன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். பட்டிருந்தால் தேவலை.

"கூலி எங்கயும் கெடைக்கும் தம்பி. எங்கையால புடிச்ச எலி எதுவும் பல்லோட வெளிய போனதில்ல, உனக்குக் குடுத்தது ஒண்ணுதான். அத வச்சு, 'பல்லு ஒடைக்கத் தெரியாதவன்'னு பேரு வாங்கிக் குடுத்துட்ட. அன்னைக்கு உங்கப்பா கத்தும்போது உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். இப்ப சொல்லிடுவ, இப்ப சொல்லிடுவன்னு."

"மன்னிச்சிடுங்க" என்றான் சுபாஷ்.

"இங்க வந்து சொல்லி இன்னா? எனக்குத்தான் தெரியுமே. பேரு போனது அங்க, பதினாறு பொம்பளைங்க முன்னால. அவங்களாண்ட போய்ச் சொல்லு."

மறுநாள் அந்த வயலில் களையெடுப்பு. அதே பெண்கள்தான். தெய்வசிகாமணி வரப்பில் நின்றிருந்தார். சுபாஷ் போய் அவர் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். சொல்லும்போது குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "வேடியப்பன் அண்ணன் மேல தப்பில்ல. பல்ல ஒடைக்க வாணாம்னு நான்தான் சொன்னேன். அப்புறம் பொய் சொல்லிட்டேன்."

ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தான். ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. ஆயம்மாள் என்கிற மூத்தவள் மட்டும் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"எங்களுக்குத் தெரியாதா தம்பி? வேடியப்பன் பல்லு ஒடைக்க மறப்பானா? அன்னைக்கே பேசிக்கினோம். நீ எப்ப வந்து சொல்லுவன்னுதான் தெரியல."

அவன் முகம் தீய்ந்துபோனது. அப்பாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியுமாப்பா?"

"தெரியும்டா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுக்கு? ஆளுங்க முன்னால எம்புள்ளயப் பொய்க்காரன்னு சொல்லச் சொல்றியா? நாளையிலேர்ந்து அவன வரச் சொல்லு, போ."

"நான் சொன்னா வரமாட்டாரு. நீங்கதான் அவர் வூட்டுக்குப் போயி, உள்ள உக்காந்து, கூப்புடணும்ப்பா. அப்புறம் அவரும் நம்ம வூட்டுக்குள்ள வரணும்."

களை பிடுங்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுபோயின.

"அவனா? நம்ம வூட்டுக்குள்ளயா?" தெய்வசிகாமணிக்கு ரத்தம் தலைக்கேறியது. "நீ கேட்டன்னு எலிக்கே ஃப்ரிட்ஜுல எடம் குடுத்தாச்சு. இன்னும் இன்னாடா வேணும் உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. ஆயம்மாள் அவரைப் பார்த்தாள். பதினாறு பேரும் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.