நாலு விரல் உயரத்தில் நின்ற பாண்

2025 மார்ச் 18, செவ்வாய். சென்ற வாரக் குறிப்பில் ஒரு பிழை. லண்டனின் மிச்சம் பகுதியில் இருக்கும் டொலறஸ் அக்கா வீட்டில், கோதுமை மாவில் சுட்ட பாண் மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். நேற்று அளந்து பார்த்தேன், நாலு விரல்தான். கண்மதிப்பை நம்பியது என் பிழை. மற்றவை சரியென்றே நினைக்கிறேன், ஆனாலும் முழுவதையும் ஒழுங்காக மறுபடி எழுதிவிடுகிறேன்.

கோலியர்ஸ் வுட்டில் செவ்வாய்தோறும் நடக்கும் எங்கள் மாலை வகுப்பு தென் இத்தாலியின் சாப்பாட்டையும் சரித்திரத்தையும் பற்றியது. படிப்பிக்கும் நுன்சியா சிசிலித் தீவுக்காரி. அங்கே சீஸ் வாங்க வழியில்லாத வீடுகளில் காய்ந்த பாணைத் தூளாக்கி, ஒலிவ் எண்ணெயில் வறுத்து, பாஸ்தாவின் மேல் தூவினார்கள் என்று முதல் பாடத்திலேயே சொன்னார். மார்ச் 19ஆம் திகதி, தச்சரான சூசையப்பரின் திருநாளில், அதே தூள் தச்சுப் பட்டறையின் மரத்தூளுக்கு அடையாளமாகிவிடும். அன்று நேர்த்தி வைத்த வீட்டில் பெரிய மேசை போடுவார்கள். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் என்பதால் இறைச்சி கிடையாது. அரிவாள், சுத்தியல், தாடி என்று பல வடிவங்களில் பாண் சுட்டு அடுக்குவார்கள். ஏழைகள் மூவர் சூசையப்பரும் தாயும் பிள்ளையுமாக, திருக்குடும்பமாக வந்து கதவைத் தட்டுவார்கள். இரண்டு தடவை இடமில்லை என்று அனுப்பிவிட்டு, மூன்றாம் தடவை திறந்து, அவர்களை முதலில் இருத்திப் பரிமாறுவார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. மேசை வைப்பவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், மாவையும் எண்ணெயையும் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டொலறஸ் அக்கா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். இந்தப் பாடத்தைக் கேட்ட அன்றே தானும் மேசை வைப்பதாக நேர்ந்துகொண்டார். காரணத்தை அவர் நேற்றுத்தான் சொன்னார், ஒழுங்குக்காக இங்கேயே எழுதுகிறேன். அவருடைய கணவர் அருட்பிரகாசம் அண்ணை ஒரு களஞ்சியத்தில் சுப்பவைசராக இருந்தார். ஒக்டோபரில் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகும் அவர் காலையில் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு டிராமில் குறொய்டன் வரை போய், நூலகத்தில் இருந்துவிட்டு, வேலை முடிந்து வருபவர்களோடு திரும்பி வந்தார். மாதா கோவிலில் யாராவது வேலை எப்படி என்று கேட்டால், "பரவாயில்லை, பிஸிதான்" என்பார். டொலறஸ் அக்கா பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே, நிலைமை வெளியே தெரிந்துவிடும் என்று டொலறஸ் அக்கா மா கேட்டு ஒரு வீட்டுக்கும் போகவில்லை. மா, எண்ணெய், ஒலிவ் காய், தோடம்பழம் எல்லாவற்றையும் கடையிலேயே வாங்கினார். போன வாரம் பழகிப் பார்க்க முதல் பாண்களைச் சுட்டு மேசையில் வைத்தபோது அவை மேசையில் படவில்லை. கையால் அமத்தினால் இறங்கின, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு ஏறி நின்றன. ஒலிவ் காயும் தோடம்பழமும் அப்படியே. கவுன்சிலுக்குப் போன் எடுத்தபோது, சுவர் ஈரமும் எலியும்தான் தங்கள் பகுதிக்குள் வரும் என்றார்கள். எங்கள் வகுப்பில் படிக்கும் எஞ்சினியர் பத்ரிநாராயணன் சட்டனிலிருந்து மட்டப்பலகையோடு வந்து பார்த்தார். "டேபிள் பக்கா லெவல்ல இருக்கு மேடம். உங்க டேபிள்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நுன்சியா மட்டும் ஆச்சரியப்படவில்லை. தன் ஊரில் பத்திரம் எழுதும் வசதியான நொத்தாரிசு ஒருவரின் வீட்டிலும் ஒரு வருடம் இப்படி நடந்தது என்றார். பிறகு, மா தந்தது யார் என்று கேட்டார்.

நேற்றுப் பின்னேரம் அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். துணைக்கு நானும் போனேன். "இருக்கிறவை கேட்டால் அது பக்தி, பிள்ளை. நாங்கள் கேட்டால் அதுக்கு என்ன பேர்?" என்று வாசல் படலையடியில் நின்று கேட்டார். எதிர்வீட்டில் இருப்பவர் கஜந்தினி அக்கா. அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் பூசை முடிவதற்குள் கோவில் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டொலறஸ் அக்கா முதலில் தட்டியது அந்தக் கதவைத்தான்.

"என்னக்கா, கிண்ணத்தோடை ஊர்வலம்?"

"கொஞ்சம் மா வேணும், கஜந்தி. சூசையப்பருக்கு மேசை வைக்கிறன். கேட்டுத்தான் வாங்கோணுமாம்."

"ஓ, அந்த இத்தாலிக்காரற்றை விளையாட்டோ! உங்களுக்கு என்ன குறை? அண்ணை சுப்பவைசர், நீங்கள் கடையையே வாங்குவியள்."

டொலறஸ் அக்காவின் கழுத்து முழுவதும் சிவந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணைக்கு வேலை இல்லை. ஒக்டோபரிலை போயிட்டுது. வீட்டிலை மாவும் முடிஞ்சுது. நான் விளையாட்டுக்குக் கேக்கேல்லை."

கஜந்தினி அக்கா கிண்ணத்தைப் பறித்தார். "இதுக்குள்ளை என்னத்தைக் காணும்? நில்லுங்கோ, வாளி எடுத்துக்கொண்டு வாறன்."

இருட்டுவதற்குள் பங்கு முழுவதும் அறிந்துவிட்டது. யாரோ முட்டையும் யாரோ ரின்னில் அடைத்த மீனும் வாசலில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமலே போனார்கள். அருட்பிரகாசம் அண்ணை திரும்பி வந்தபோது வாசல் நடையில் கால் வைக்க இடமில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"சொல்லிப்போட்டாய், என்ன?"

"ஓம்."

"இனி நான் எந்த முகத்தோடை கோவிலுக்குப் போறது?"

"என்ரை முகத்தோடை வாங்கோ. அதும் இப்ப அப்பிடித்தான் கிடக்கு."

அவர் சாப்பிடாமல் மேலே போய்விட்டார். கஜந்தினி அக்காவின் மாவில் அன்றிரவே சுட்ட பாண்கள் மேசையில் தொப்பென்று இருந்தன. கடை மாவில் சுட்டவை நாலு விரல் உயரத்திலேயே நிற்கின்றன, இறங்குவதாகத் தெரியவில்லை. உதவிக்கு வந்து அவற்றின் கீழே துணியை விட்டு இழுத்த கஜந்தினி அக்கா, "மேசை துடைக்க வசதிதான்," என்றார்.

இன்று வகுப்புக்கு அருட்பிரகாசம் அண்ணையும் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். சூசையப்பராக வருவது யார் என்று நுன்சியா கேட்டார். தன் ஊரில் இதற்கு நடிகர் தேடுவதில்லை, உண்மையிலேயே வேலையில்லாத ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். நானும் பார்த்தேன், அதை இங்கே மறைக்க முடியாது. பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் வாறன். அஞ்சு மாச அனுபவம் இருக்கு," என்றார் அருட்பிரகாசம் அண்ணை. யாரும் சிரிக்கத் துணியவில்லை. டொலறஸ் அக்கா மட்டும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் நின்று மறுமொழி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. தன் மனுசனைத் தன் வாயால் போகச் சொல்ல ஏலாது என்று டொலறஸ் அக்கா மறுத்துவிட்டார். அந்த வேலை எனக்கு வந்தது.

நாளை புதன். பதினொரு மணிக்கு அருட்பிரகாசம் அண்ணை தட்டுவார். இடமில்லை என்று சொல்ல வேண்டும். மறுபடி தட்டுவார். மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கதவைத் திறக்க வேண்டும்.